மிச்சக் காசு

இரண்டாம் தவணை, தரம் ஐந்து, கணிதம்.
முப்பத்தொரு தாள். இது பத்தொன்பதாவது.
கம்சிகா, சுட்டெண் 14.

ஒட்டுசுட்டானில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால்
தாள்களுக்கு மேல் ஏதாவது பாரம் வேண்டும்.
தொலைபேசியை வைத்திருக்கிறேன்.
அது இடைக்கிடை துடிக்கிறது, நான் எடுக்கவில்லை.

52இலிருந்து 27. அவள் விடை 35.
பிழை.
81இலிருந்து 36. அவள் விடை 55.
பிழை.
403இலிருந்து 158. 355.
பிழை போடப் போன பேனை
அரைவாசிக் கோட்டில் நின்றது.

கவனக்குறைவு இப்படி வராது.
அது ஓரிடத்தில் தடுக்கி விழும், இன்னோரிடத்தில் தப்பும்.
இவள் ஆறு கணக்கிலும்
ஒரே ஒழுங்கையால் நடந்து போயிருக்கிறாள்:
மேலே எது, கீழே எது என்று பாராமல்
பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்தபடி.
ஒரு பிழை, ஆறு தரம்.
புள்ளித்திட்டம் அதை ஆறு பிழை என்றுதான் எண்ணும்.

முத்தையன்கட்டுப் பக்கம் யானைவெடி ஒன்று கேட்டது.

கடன் வாங்கவில்லை இந்தப் பிள்ளை.
வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
ஒன்றினிடத்தில் காணாவிட்டால்
பக்கத்து வீட்டில் கடன் கேள் என்று.
403இல் பக்கத்து வீட்டில் பூச்சியம்.
அது அடுத்த வீட்டில் வாங்கித்தான்
இதற்குக் கொடுக்க வேண்டும்.
புதன்கிழமைகளில் லோன் பெடியன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே
படலைக்கு வெளியில் ஹோன் அடிக்கிற ஊரில்
இதை நான் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

கூடக் கற்பனை பண்ணக் கூடாது.
இரவு பத்தரை, கற்பனை வருகிற நேரம்.
அவளுக்கு அது எட்டும் மூன்றும் மட்டும்தான்.

பிறகு பன்னிரண்டாம் வினா:
500 ரூபா கொடுத்து
285 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு?
அவளுடைய ஒழுங்கையால் போனால்
385 வரவேண்டும்.
எழுதியிருப்பது 215.
செய்கை இல்லை. வெறும் விடை.

பார்த்து எழுதியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.
பக்கத்தில் இருந்தவன் டனுசாந்.
அவன் தாளைத் தேடி எடுத்தேன்: 225.
முன்னுக்கு இருந்தவள் கேள்வியையே விட்டிருக்கிறாள்.

தாளை லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
அழிறப்பர் தேய்த்து மெலிந்த இடத்தில்
பென்சில் அழுத்திய பள்ளம்:
5
10
200

ஐந்து போட்டால் இருநூற்றுத் தொண்ணூறு.
பத்துப் போட்டால் முந்நூறு.
பிறகு இருநூறு.
சந்திக் கடையில் மிச்சக் காசை
உள்ளங்கையில் எண்ணி வைக்கிற அதே வரிசை.
யாரிடமும் கைநீட்டாமல்
285இலிருந்து படிபடியாய் ஏறி
ஐந்நூறைத் தொட்டிருக்கிறாள்.
தொட்ட பிறகு,
இதெல்லாம் கணக்கில்லை என்று
யாரோ சொன்னது ஞாபகம் வந்து
அழித்திருக்கிறாள்.

யாரோ என்ன, நான்தான்.
கோடு கீறி, ஒன்றன்கீழ் ஒன்று எழுதிச் செய் என்று
ஆனியில் அவள் கொப்பியிலேயே எழுதினேன்.

செய்கை இல்லாவிடில் இரண்டு புள்ளி குறைக்கவும்.
குறைக்கவில்லை.
பள்ளத்துக்குப் புள்ளி போட்டேன்.
மற்ற ஆறுக்கும் போட வழியில்லை.
மொத்தம் 41. போன தவணை 44.
அவளுடைய அம்மா இந்த இரண்டு எண்ணையும்தான் பார்ப்பாள்.
இந்தக் கழித்தலை எல்லாரும் சரியாகச் செய்வார்கள்.

சிவப்புப் பேனையை மூடிவிட்டு
403இன் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்:
உன்னிடம் 403 ரூபா. 158க்குச் சீனி வாங்கினாய்.
நான் கடைக்காரி இல்லை, நீதான்.
மிச்சத்தை என் கையில் எண்ணி வை.

திங்கட்கிழமை தாள் கொடுக்க வேண்டும்.
கைப்பையைப் பாயில் கவிழ்த்தேன்.
இரண்டு நூறு ரூபாத் தாள்,
இருபதுகள் இரண்டு, பஸ் ரிக்கற், ஒரு சேப்டி பின்,
ஐந்து ரூபாக் குற்றிகள் கொஞ்சம்.
158இலிருந்து அவள் ஏறத் தொடங்க
முதலில் ஒரு இரண்டு ரூபா வேண்டும்.

அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.